கடை பாழடையவில்லை, பிறகு ஏன் டிலாப்பிடேஷன் கடிதம் வருகிறது?

சில வருடங்களுக்கு முன் ஒரு பலசரக்குக் கடைக்கார அண்ணை என்னைத் தேடி வந்தார். பதினைந்து வருட லீஸ் முடிந்து, சாவியைக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கையில் தன் கடைப் பெயர் அச்சடித்த பை. அதற்குள் நாற்பது பக்கத்துக்குக் கிட்ட ஒரு கடிதக் கட்டு. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'டிலாப்பிடேஷன்ஸ்' என்றொரு சொல். கடைசிப் பக்கத்தில் கட்டட உரிமையாளர் கேட்கிற தொகை, ஐந்து இலக்கத்தில், பவுணில்.

"தம்பி, இந்தச் சொல்லை அகராதியில போட்டுப் பார்த்தன். பாழடையிறது, இடிஞ்சுபோறது எண்டு வருது. என்ர கடை இடிஞ்சோ கிடந்தது? நாளுக்கு ரெண்டு தரம் கூட்டினனான். மூண்டு தரம் பெயின்ற் அடிச்சனான். ஆரோ கடிதத்தை மாறி அனுப்பிப்போட்டினம் எண்டு அப்பிடியே வைச்சிட்டன்."

அந்தக் கடிதம் ஐந்து வாரமாக அவர் வீட்டு மேசையில் கிடந்திருக்கிறது. லண்டனில் கட்டடச் சர்வேயராக வேலை செய்யும் எனக்கு இது புதிதில்லை. நம் கடைக்காரர்களில் பலர் இந்த ஒரு சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்டு பொன்னான நாட்களை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சொல்லின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இலத்தீனில் 'லாபிஸ்' என்றால் கல். அதிலிருந்து பிறந்த வினை 'டிலாபிடாரே'. கல்லை நாலாபக்கமும் வீசிச் சிதறடிப்பது என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். சுவரிலிருந்து கல் கழன்று விழுவதால் வந்த சொல் என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உரோமர்கள் இதைக் காசை அழிக்கிறவனைப் பற்றியும் சொன்னார்கள். 'காசை வாரி இறைச்சான்' என்று நாம் சொல்வதில்லையா, அதே மாதிரி. கட்டடம் தளர்ந்துபோவதைச் சொல்ல நம்முடைய 'சிதிலம்'தான் பொருத்தமான சொல். வடமொழியில் 'சிதில' என்றாலே தளர்ந்தது, நெகிழ்ந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் சொத்தழிப்பு என்ற பொருள்தான் முன்னே நின்றது, குறிப்பாகத் தேவாலயச் சொத்து. இங்கேதான் சொல் காசிலிருந்து கட்டடத்துக்குத் தாவுகிறது. பங்குக் குருவானவருக்கு வீடும் நிலமும் பதவியோடு சேர்ந்து வரும். அவை அவருக்குச் சொந்தமில்லை. அவருக்குப் பின் வருகிறவருக்குப் போக வேண்டியவை. கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலே சொத்தை அழித்த கணக்கு. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி டிலாப்பிடேஷனுக்குத் தரும் விளக்கமும் இதுதான்: குருவானவர் பழுது பார்க்காமல் விட்டுத் தேவாலயக் கட்டடங்களைச் சிதைய விடுவது.

புதிதாக வருகிற குருவானவர், போனவரிடம் அந்தப் பழுதுக்குக் காசு கேட்கலாம். போனவர் இறந்துபோயிருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். அதாவது, கணவனைப் புதைத்துவிட்டு வீட்டைக் காலி செய்யும் மனைவியின் கைக்குக் கூரையும் வேலியும் விலை போட்ட ஒரு பட்டியல் வரும். எனக்கு இந்த வரலாற்றில் மனதை உறுத்துகிற இடம் இது. 1871-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, மறைமாவட்டங்களுக்குச் சர்வேயர்களை நியமித்தது. என் தொழிலின் முன்னோடிகள் அவர்கள். ஏணியும் குறிப்புப் புத்தகமுமாகக் குருமனை குருமனையாகப் போனவர்கள். தேவாலயத்துக்குள் அந்த முறை 1972-இல் புதிய விதிகள் வரும் வரைக்கும் வேறு வேறு வடிவில் இருந்தது.

பொதுப்பேச்சில் சொல் வேறு பக்கம் போய்விட்டது. இன்று டிலாப்பிடேட்டட் என்றால் யாருக்கும் ஓடு சரிந்து, கதவு தொங்கி, புல் முளைத்த வீடுதான் கண்ணில் தெரியும். குற்றவாளி யார் என்ற கேள்வியே அதில் இல்லை. சட்டத்தில் அந்தக் கேள்வி அப்படியே உயிரோடு இருக்கிறது. லீஸில் 'பழுது பார்ப்பேன், பெயின்ற் அடிப்பேன், நான் செய்த மாற்றங்களைக் கழற்றிவிட்டுத் தருவேன்' என்று கையெழுத்து வைத்திருப்போம். அதில் எதைச் செய்யாமல் விட்டாலும் அது டிலாப்பிடேஷன்ஸ். கட்டடம் பளபளவென்று இருக்கலாம். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடுகிற ஒரு பீலி அடைத்திருந்தால் அது பட்டியலில் வரும். நான் நம்மவர்களிடம் பேசும்போது இதைப் 'பழுதுக் கணக்கு' என்றுதான் சொல்வேன். பாழடைதல் என்ற மொழிபெயர்ப்பை விட்டுவிடுங்கள், அது ஆளைக் குழப்பும்.

(சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். பக்கத்துக் காணியில் கட்டட வேலை தொடங்குமுன் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வெடிப்புகளைப் படம் எடுத்துப் பதிவார்களே, அதற்கும் அங்கே டிலாப்பிடேஷன் சர்வே என்றுதான் பெயர். உங்கள் வீடு பாழ் என்று யாரும் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.)

சரி, அண்ணையின் கடிதத்துக்கு வருவோம். அந்தக் கட்டுக்குப் பெயர் ஷெட்யூல். ஒவ்வொரு வரியிலும் நாலு விஷயம்: லீஸில் எந்த விதி, என்ன மீறல், எப்படிச் சரிசெய்வது, எவ்வளவு செலவு. கூரையில் சிலேட் ஓடுகள் விலகியிருக்கின்றன. பின்பக்கப் பீலி ஒழுகிச் சுவர் ஊறியிருக்கிறது. சாமான்களைக் குளிரில் வைக்கும் கோல்ட் ரூமைக் கழற்றிய இடத்தில் தரையில் எட்டு ஓட்டை. பதினைந்து வருடத்தில் அவர் ஒருதரமும் கூரையில் ஏறியதில்லை. "மேல உள்ளது சொந்தக்காரன்ர தானே" என்றார். லீஸைப் பிரித்துக் காட்டினேன். எஃப்.ஆர்.ஐ. (ஃபுல் ரிப்பேரிங் அண்ட் இன்ஷூரிங்) லீஸ், அதாவது முழுக் கட்டடத்தின் பழுதும் அவர் தலையில்.

"நான் எடுக்கேக்கையே அந்தப் பீலி அப்பிடித்தான்" என்றும் சொன்னார். நானும் நம்புகிறேன். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் 'நல்ல நிலையில் வைத்திருப்பேன்' என்றால், கெட்டுக் கிடந்ததை முதலில் நல்ல நிலைக்குக் கொண்டுவருவதும் அதில் அடக்கம். 1847-இல் வந்த ஒரு தீர்ப்பு இது. அதற்காகப் புத்தம் புதிதாக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் வயது, தன்மை, இருக்கும் இடம் பார்த்து, அப்படிப்பட்ட கட்டடத்தை எடுக்க வரும் ஒரு நியாயமான ஆளுக்குப் போதுமான அளவு என்று 1890-இல் இன்னொரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆகவே லீஸ் எடுக்கும் அன்றே கட்டடத்தின் நிலையைப் படத்தோடு பதிந்து, அதைவிட நல்ல நிலையில் தர வேண்டியதில்லை என்று லீஸிலேயே எழுதுவிக்க வேண்டும். படங்கள் உங்கள் போனில் மட்டும் இருந்தால் பெரிதாக உதவாது. கையெழுத்துக்கு முன் சொலிசிட்டரிடம் இதைக் கேளுங்கள்.

நாட்கள் முக்கியம். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் வணிகக் கட்டடங்களுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. லீஸ் முடிந்து பொதுவாக 56 நாளுக்குள் உரிமையாளர் ஷெட்யூலை அனுப்ப வேண்டும். கிடைத்து 56 நாளுக்குள் நாம் வரிக்கு வரி பதில் தர வேண்டும். அண்ணைக்கு மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது.

இன்னொரு பாதுகாப்பு, உரிமையாளர்-வாடகைக்காரர் பற்றிய 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் (லேண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் ஆக்ட்) 18-ஆம் பிரிவு. பழுதால் கட்டடத்தின் பெறுமதி எவ்வளவு குறைந்ததோ, பழுதுக்கான நட்டஈடு அதைத் தாண்டக்கூடாது. லீஸ் முடிந்ததும் உரிமையாளர் எப்படியும் இடிக்கப் போகிறார், அல்லது பழுதுபார்த்தாலும் பயனில்லாத அளவுக்குக் கட்டமைப்பை மாற்றப் போகிறார் என்றால், அந்தப் பழுதுக்குக் காசு கேட்க முடியாது.

அடுத்த நாள் அந்தக் கடையைப் பார்க்கப் போனோம். ஷட்டர் பூட்டியிருந்தது. எதிரே விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மஞ்சள் தாள் கட்டியிருந்தது. மழையில் ஓரம் ஊறியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. அதே கட்டடத்துக்கு, இருக்கிற கூரையை எடுத்துவிட்டு மேலே இன்னொரு மாடி கட்ட அனுமதி கேட்டு லீஸ் முடிவதற்கு முன்பே போட்ட விண்ணப்பம். அண்ணை தினமும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் கடை திறந்திருக்கிறார்.

கூரை தொடர்பான வரிகள் எல்லாம் அதோடு போயின. கோல்ட் ரூம் ஓட்டைகள், உள் பெயின்ற், கழற்றாமல் விட்ட தடுப்புச் சுவர் ஆகியவற்றுக்கு அவர் கொடுத்தார். அவை நியாயமான கணக்குத்தான்.

இரண்டு வருடம் கழித்து அவர் இன்னொரு கடை பார்த்தார். கையெழுத்து வைக்குமுன் என்னைக் கூப்பிட்டார். பின்பக்கம் ஏணியில் ஏறினேன். பீலிக்குள் மண் அடைத்து ஒரு சின்னச் செடி வளர்ந்திருந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "தம்பி, அந்தச் செடியையும் சேர்த்துப் படம் எடு" என்றார்.