‘பராமரிப்புப் புள்ளி மீயொலி’ என்று எழுத வேண்டாம்

அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடக்கும் ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘பராமரிப்புப் புள்ளி மீயொலி’ என்ற தொடரை விடாமல் பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மூலத்தில் இருப்பது பாயின்ட் ஆஃப் கேர் அல்ட்ராசவுண்ட், அதாவது சிகிச்சை தரும் மருத்துவரே நோயாளியின் அருகில் செய்யும் ஸ்கேன். மருத்துவர்கள் பேச்சில் சுருக்கமாகப் ‘போகஸ்’.

மீயொலி நல்ல சொல். ‘அல்ட்ரா’ என்றால் லத்தீனில் அப்பால். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதற்கும் மேலான அதிர்வெண் கொண்டது இந்த ஒலி. மேலே என்று பொருள்படும் ‘மீமிசை’ என்ற சொல்லில் வரும் அதே ‘மீ’ இதற்குப் பொருந்துகிறது. ‘கேளாஒலி’ என்பாரும் உண்டு. ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியும் நமக்குக் கேட்காதே! எனவே மீயொலியே இருக்கட்டும்.

கோளாறு மற்ற இரண்டு சொற்களில். இங்கே ‘பாயின்ட்’ என்பது இடத்தையும் வேளையையும் குறிக்கிறது. அதைப் புள்ளி என்றால் உடம்பில் ஏதோ ஒரு புள்ளியில் வைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பராமரிப்பு என்பது வண்டிக்கும் கட்டடத்துக்கும் ஆகும். வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் ஆகும். மூச்சுத் திணறி வந்தவருக்கு நடப்பதைச் சிகிச்சை என்றுதான் எந்தத் தமிழரும் சொல்வார். அகராதியில் இரண்டு சொல்லையும் தனித்தனியே தேடி ஒட்டியிருக்கிறார்கள், கருத்து என்னவென்று பார்க்கவில்லை.

கருத்து தெளிவாகவே இருக்கிறது. 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மூர், கோபல் இருவரும் எழுதிய கட்டுரை, சிகிச்சை தரும் மருத்துவரே நோயாளியின் அருகில் படம் எடுத்து, அவரே பொருள் கொள்வது என்று இதை வரையறுத்தது. யார் பார்க்கிறார் என்பதுதான் இதன் உயிர். ‘படுக்கையோர மீயொலி’ என்ற இன்னொரு ஆக்கம் புள்ளியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அதில் இந்த ‘யார்’ விடுபடுகிறது. ஒரு டெக்னீஷியன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்து, ரேடியாலஜிஸ்ட் பிறகு அறிக்கை தந்தாலும் அது படுக்கையோரம்தான். ஆம்புலன்ஸில் பார்க்கும்போதோ படுக்கையே இல்லை.

பிரான்ஸின் மருத்துவர் லிக்டென்ஸ்டைன் 2008-இல் வெளியிட்ட ‘புளூ’ நெறிமுறை ஆய்வைப் பாருங்கள். மூச்சுத் திணறலுக்குக் காரணமான நோயை மீயொலியால் கண்டறியும் வழிமுறை அது. கடும் மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைக்கு வந்த 260 பேரின் நுரையீரலை மீயொலியால் பார்த்தார்கள். காற்று நிறைந்த உறுப்பில் மீயொலி பயன்படாது என்பது பழைய நம்பிக்கை. அவரோ காற்றினால் திரையில் விழும் போலிக் கோடுகளையே படித்தார், நெறிமுறை 90.5 சதவீதம் பேரிடம் சரியான நோயைக் காட்டியது. சிகிச்சையை முடிவு செய்பவர் கையிலேயே கருவி இருப்பதால்தான் இதற்கு அவசரப் பிரிவில் மதிப்பு. ‘உயிர்காக்கும்’ என்று உடனே அடைமொழி சேர்ப்பவர்கள் 2018-இல் வெளியான ‘ஷாக் ஈடி’ ஆய்வையும் படிக்க வேண்டும்: காரணம் தெரியாமல் இரத்த அழுத்தம் சரிந்த 273 பேரிடம், மீயொலி பார்த்ததால் உயிர் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை.

நான் முன்வைப்பது ‘உடன்நோக்கு மீயொலி’. ‘உடன்’ என்றால் கூட இருப்பதும் ஆகும், உடனே என்றும் ஆகும். கூட இருப்பவர் உடனே பார்ப்பது. புதுச்சொல் யாருக்குப் புரியும் என்று கேட்கலாம், சரி. ஆய்வுக் கட்டுரையில் முதல் தடவை விளக்கிவிட்டால் போதும். நோயாளியின் உறவினர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் கலைச்சொல்லே வேண்டாம். ‘நோயாளிக்குச் சிகிச்சை தரும் மருத்துவரே ஸ்கேன் கருவியை வைத்து நுரையீரலையும் இதயத்தையும் பார்ப்பார்’ என்று எழுதுங்கள். பதற்றத்தில் நிற்பவரிடம் ‘பராமரிப்புப் புள்ளி’யை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியாது.

அப்புறம், ‘மீயொலிக் கதிர்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயிலும் சிடி ஸ்கேனிலும் இருக்கும் கதிர்வீச்சு மீயொலியில் கிடையாது. இது வெறும் ஒலி அதிர்வு. அந்தக் ‘கதிர்’ வீணாக ஒரு கர்ப்பிணியைப் பயமுறுத்தும். அடித்துவிடுங்கள்.