ஃப்ளாட்வவுண்ட் வாங்கும்முன்: பாக்கெட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி கேட்டு வருகிறவர்கள் சில வருடங்களாகக் கூடியிருக்கிறார்கள். சர்ச்சில் வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள், வீட்டிலேயே ரெக்கார்ட் செய்கிற கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, எந்த பிராண்ட் நல்லது?” நான் உடனே பதில் சொல்வதில்லை. பேஸ் என்ன ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), இப்போது மாட்டியிருப்பது என்ன செட், விரலில் வாசிக்கிறீர்களா பிக்கிலா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தங்கள் பேஸில் இப்போது இருக்கும் கம்பி என்ன கேஜ் (தடிமன்) என்றே தெரிந்திருக்காது. சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பியை, அதாவது ரவுண்ட்ஸைவிட அதிக விலை கொடுத்து வாங்கப்போகும் பொருளுக்கு இது போதாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண ரவுண்ட்வவுண்டில் உள்கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும், ‘கிரீச்’ என்ற சத்தமும் வரும். ஃப்ளாட்வவுண்டில் மேல் சுற்று தட்டையான உலோக நாடா. அதனால் வழவழப்பு, குறைந்த உராய்வு, மேல் ஸ்வரங்கள் தணிந்த கனமான ஒலி. கருப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்ட் வேறு வகை. அதற்குள்ளும் உலோகம்தான் இருக்கிறது, ஆகவே உலோகக் கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் எடுக்கும் மேக்னெட்டிக் பிக்அப்பில் நன்றாகவே ஒலிக்கும். ‘நைலான்’ என்ற பெயரைப் பார்த்து பிக்அப் எடுக்காது என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு.

இன்று ஃப்ளாட்ஸ் ஏதோ விசேஷக் கம்பி போலப் பேசப்படுகிறது. ஆனால் 1950களில் ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் கடைக்கு வந்ததே ஃப்ளாட்ஸோடுதான். 1960களின் நடுவில் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலும் ரவுண்ட்ஸைப் பிரபலமாக்கிய பிறகுதான் நிலைமை தலைகீழானது.

இனி ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவன ஸ்டுடியோவில் அவர் வாசித்த பேஸைக் கேட்டு மயங்காத பேஸ் கலைஞர் இல்லை. 1962ஆம் வருட பிரசிஷன், லா பெல்லா நிறுவனத்தின் 52 முதல் 110 வரையிலான (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை, அங்குலத்தின் ஆயிரத்தில் பங்காகத் தடிமன்) கனத்த ஃப்ளாட்ஸ், அறுந்தாலொழிய கம்பி மாற்றாத பழக்கம். இந்த விவரங்கள் இணையத்தில் எங்கும் கிடைக்கின்றன. அதே செட்டும் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது. அதை வரவழைத்து, ஆரம்ப விலை பேஸில் மாட்டி, ஒரு வாரத்தில் நெக் வில்லாக வளைந்து என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஜேமர்சனின் பேஸில், உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் கம்பியை அமுக்கும் ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று இருந்தது. அவர் வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே மீட்டினார். அந்த ஒலியில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும், அவர் இடைவெளி விட்ட இடங்களுக்கும் சேர வேண்டியது. பழைய திரைப்பாட்டு பேஸ் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். முதலில் டோன் நாபைக் குறைத்து, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்சைச் செருகி, இருக்கிற பழைய ரவுண்ட்ஸிலேயே வாசித்துப் பாருங்கள். சிலருக்கு அதோடு தேடல் முடிந்துவிடும், காசும் மிச்சம்.

அப்படியும் ஃப்ளாட்ஸ்தான் வேண்டும் என்றால் பார்க்க வேண்டியது டென்ஷன், அதாவது கம்பி எவ்வளவு இழுக்கிறது என்பது. கேஜ் என்பது கம்பியின் தடிமன் மட்டுமே. ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் இழுவையைத் தீர்மானிப்பது கம்பியின் எடை. உருண்டைச் சுற்றில் இருக்கும் இடைவெளிகளைத் தட்டை நாடா நிரப்பிவிடுவதால், அதே 45–105 என்று எழுதியிருந்தாலும் ஃப்ளாட்ஸ் பொதுவாகக் கனமானது, ஆகவே இறுக்கமானது. தடிமன் கூடும்போது எடை அதன் வர்க்கமாகக் கூடுகிறது. ஒரே அமைப்பில், இருப்பதிலேயே தடித்த E கம்பியை 100இலிருந்து 110க்கு மாற்றினால் பத்து சதவீதம் கூடியது போலத் தோன்றும். இழுவை கூடுவது சுமார் 21 சதவீதம். சாதாரண 45–105 செட்டே நெக்கைச் சுமார் 80 கிலோ இழுக்கிறது. அதற்கு மேல் ஏற்றுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்தால் இழுவை சுமார் 11 சதவீதம் குறையும். பாடுகிறவருக்காக எப்போதும் இறக்கி வாசிக்கும் குழுவில் இருப்பவர் கொஞ்சம் கனத்த செட் வாங்கலாம். ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் மணிக்கணக்காக வாசிப்பவர் அதே செட்டை மாட்டினால் மணிக்கட்டு பதில் சொல்லும்.

பிராண்டுகளுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு இரண்டு முனைகளைச் சொல்கிறேன். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ் நீள ஸ்கேல் செட் 43, 56, 70, 100. நன்றாக வளைந்து கொடுக்கும், தளர்வான கம்பி. அழுத்தி அடிக்கிற கை உடையவருக்கு இது நெக்கில் பதித்த உலோகக் குறுக்குக் கோடுகளில், அதாவது ஃபிரெட்டில் தட்டிக்கொண்டே இருக்கும். மறுமுனை ஜேமர்சனின் அந்த 52–110. நடுவில் டாடாரியோ குரோம்ஸ் 45–100: ஃப்ளாட்ஸ் குடும்பத்தில் பளிச்சென்ற ஒலி, ரவுண்ட்ஸிலிருந்து முதன்முதலாக மாறுகிறவர் அதிகம் திணற மாட்டார். லா பெல்லாவிலும் 43–104, 45–105 என்று மிதமான செட்டுகள் இருக்கின்றன. என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால், முதல் ஃப்ளாட்ஸாக 43–104ஐ எடுங்கள் என்பேன். மெதுவான பாட்டுக்கு மட்டும்தான் ஃப்ளாட்ஸ் என்ற எண்ணம் இருந்தால், அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் 50–110 ரோட்டோசவுண்ட் ஃப்ளாட்ஸில் வாசிக்கிற ஹெவி மெட்டலைக் கேளுங்கள்.

தயாரிப்பாளர்களில் பலர் ஒவ்வொரு கம்பியின் டென்ஷனையும் தங்கள் தளத்தில் போட்டிருக்கிறார்கள். இப்போது உங்களுக்குப் பழகிய செட்டின் எண்ணை எடுத்து, வாங்கப்போகும் செட்டின் எண்ணோடு கம்பி கம்பியாக ஒப்பிடுங்கள். டென்ஷன் ஒன்றாக இருந்தாலும், உள்கம்பி தடிமனான செட் விரலுக்கு விறைப்பாகத் தெரியும். அதை மாட்டிப் பார்த்துத்தான் உணர முடியும்.

அடுத்தது நீளம். வீணாகப் போகும் காசில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. பெரும்பாலான பேஸ்களின் ஸ்கேல் 34 அங்குலம். ஷார்ட் ஸ்கேல் 30 அங்குலம். ஷார்ட் ஸ்கேலில் நீள செட்டை மாட்டினால் தடித்த பகுதி தலையில் கம்பி சுற்றும் தண்டான டியூனிங் போஸ்ட்டிலேயே சுற்றும், நாடா விரிசல் விட்டு ஒலி செத்துவிடும். ஸ்கேல் சரியாக இருந்தாலும் முடியாது வேலை. பிரிட்ஜில் கம்பி முனையின் உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து, தலைப்பக்கம் கம்பிக்குப் பள்ளம் உள்ள கட்டையான நட் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கம்பி முனையில் சுற்றியிருக்கும் பட்டு நூல் நட்டைத் தாண்டிய பிறகே தொடங்க வேண்டும், போஸ்ட்டில் சுற்றுவது அந்தப் பட்டுப் பகுதியாக இருக்க வேண்டும். உடலின் பின்புறமிருந்து கம்பியை நுழைக்கும் பேஸாக இருந்தால் இன்னும் கூடுதல் நீளம் தேவை. தவிர, விறைப்பான ஃப்ளாட்ஸ் அந்தக் கூர்மையான மடிப்பில் உடையலாம். பிரிட்ஜ் வழியாகவும் நுழைக்க வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மாட்டும்போது கம்பியை வெட்டும் அவசரம் வேண்டாம். முதலில் செங்குத்தாக மடக்கி, மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். உள்கம்பி உருளையாக இருக்கும் செட்டுகளில் மடக்காமல் வெட்டினால் சுற்று நழுவிப் போகும். பிறகு என்ன செய்தாலும் சுருதி நிற்காது.

இழுவை கூடினால் நெக் முன்னோக்கி வளையும், ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) உயரும். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்று இறுக்கி, சிறிது நேரம் விட்டு, மறுபடி பாருங்கள். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழு, எட்டாவது ஃபிரெட் பக்கம் கால் மில்லிமீட்டரைச் சற்று ஒட்டிய இடைவெளி எனக்குத் திருப்தி. ராட் திரும்ப மறுத்தால் நிறுத்திவிடுங்கள், உடைந்தால் செலவு பேஸின் விலையைத் தொடும். தளர்வான செட்டில் நேரெதிராக நடக்கும். நெக் பின்னால் சாய்ந்து முதல் சில ஃபிரெட்டுகளில் ‘பஸ்’ அடிக்கும். கம்பி மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ராடைத் தளர்த்திப் பாருங்கள். நட்டின் பள்ளத்தை அகலப்படுத்துவது மட்டும் கடைசி வேலையாக இருக்கட்டும். அரைத்த நட்டைத் திரும்ப வளர்க்க முடியாது, நாளை மெல்லிய செட்டுக்குப் போனால் கம்பி பள்ளத்தில் ஆடும்.

ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று. E கம்பியின் அடிச் சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைபேசி ஸ்பீக்கர் அதைத் தராது, மேலே எழும் கிளைச் சுருதிகளை வைத்துத்தான் நம் காது பேஸ் இருப்பதாகக் கண்டுபிடிக்கிறது. ஃப்ளாட்ஸில் அந்தக் கிளைகள் குறைவு. ஹாலில் நெஞ்சில் மோதிய பேஸ், கைபேசியில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். உங்கள் கேட்பவர்கள் எல்லோரும் கைபேசியில்தான் என்றால் குரோம்ஸ் போன்ற பளிச்சிடும் ஃப்ளாட்ஸையோ ரவுண்ட்ஸையோ யோசியுங்கள். கட்டைவிரலால் அறைந்து ஸ்லாப் வாசிப்பவர் ரவுண்ட்ஸிலேயே இருக்கலாம். ஃபிரெட் இல்லாத ஃபிரெட்லெஸ் பேஸ் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை நேரடியாக ஃப்ளாட்ஸ்தான். பூச்சு இல்லாத ரோஸ்வுட் பலகையை ரவுண்ட்ஸ் அரம் போல அராவிவிடும்.

புது ஃப்ளாட்ஸை முதல் நாள் ஒலியை வைத்து எடை போடாதீர்கள். சில வாரம் வாசித்த பிறகே அந்த உலோக மினுமினுப்பு அடங்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் வியர்வைக்கும் கடற்கரைக் காற்றுக்கும் இதைத் தவிர்க்க முடியாது. ரவுண்ட்ஸைக் கொதிக்க வைக்கிற வழக்கத்தை ஃப்ளாட்ஸிடம் காட்ட வேண்டாம். நாடாவுக்குள் புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது.

விலை எட்டவில்லை என்றால் பழைய ஃப்ளாட்ஸ் வாங்குவதில் தவறே இல்லை. பழகிய செட்டைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பவரிடம் அது எந்த பேஸில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கீ உள்ள தலைக்கு வெட்டிய கம்பி, நான்கும் ஒரே வரிசையில் உள்ள ஃபெண்டர் வகைத் தலைக்கு எட்டாது. அங்கே G கம்பியின் போஸ்ட் நட்டிலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது.