கேமரா சரி, எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்கள்?

வீட்டுக்குக் கண்காணிப்பு கேமரா பொருத்த அழைப்பவர்கள் கேமராவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். இரவில் தெரியுமா, மழைக்குத் தாங்குமா, எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். மானிட்டர் என்று வந்ததும், "பழைய டிவி ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே மாட்டிவிடுங்கள்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பழைய டிவியை மாட்டுவதில் தவறில்லை. ஆனால் அதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அறிந்துதான் மாட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குழப்பம் தீர வேண்டும். கேமராக்கள் அனுப்பும் படத்தைப் பதிவு செய்வது டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டி (இனி இரண்டையும் டிவிஆர் என்றே சொல்கிறேன்). மானிட்டர் வெறும் திரை. அதை அணைத்தாலும், கழற்றியே எடுத்துவிட்டாலும் பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும். இது தெரியாமல் சிலர் இரவும் பகலும் திரையை எரியவிடுகிறார்கள். வேறு சிலர் செய்வது அதைவிட மோசம். மானிட்டரையும் டிவிஆரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிட்டு, தூங்கப் போகும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த ஒரு சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். எந்த நேரத்துக்காகக் கேமரா வைத்தார்களோ, அந்த நேரத்தின் பதிவே இருக்காது. திருட்டுப் போன பிறகு பதிவைத் தேடி, இரவு முழுவதும் வெற்றிடமாக இருப்பதைப் பார்க்கும் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடையாது. டிவிஆருக்குத் தனி பிளக், தனி சுவிட்ச் வையுங்கள். அதன்மேல் "அணைக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். யுபிஎஸ் இருந்தால் டிவிஆர், கேமராக்களின் பவர் சப்ளை, ரவுட்டர் மூன்றையும் அதில் கொடுங்கள். மானிட்டரைக் கொடுக்காதீர்கள், அதுவும் சேர்ந்து இழுத்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்தது திரையின் அளவு. எத்தனை அங்குலம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை கட்டமாகப் பிரிக்கப் போகிறோம் என்பதுதான் சரியான கேள்வி. ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1920 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி), மேலிருந்து கீழே 1080. நான்கு கேமராக்களை ஒரே திரையில் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 960க்கு 540. எட்டு கேமரா என்றால் டிவிஆர் பெரும்பாலும் ஒன்பது கட்டமாகப் பிரிக்கும். ஒரு கட்டம் 640க்கு 360. பதினாறு கட்டம் என்றால் 480க்கு 270.

இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கண்காணிப்பு வீடியோவுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று கண்டுகொள்ள 125. ஆள் வந்திருக்கிறார் என்று மட்டும் அறிய 25 போதும். உங்கள் வாசல் கேமரா நான்கு மீட்டர் அகலத்தைப் படம்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்டத் திரையில் மீட்டருக்கு 240 பிக்சல் கிடைக்கும். பதினாறு கட்டத்தில் 120தான். வாசலில் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரரா என்பதுகூடச் சந்தேகமாகிவிடும். போதாததற்கு, பல கட்டங்களாகக் காட்டும்போது பல டிவிஆர்கள் தரம் குறைந்த துணைப் படத்தையே திரைக்கு அனுப்புகின்றன. அதே கேமராவை முழுத் திரைக்குக் கொண்டுவந்தால் மீட்டருக்கு 480 பிக்சல். கட்டத்தின் மேல் மவுஸை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலான பெட்டிகளில் முழுத் திரை வந்துவிடும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இந்த ஒன்றை மட்டுமாவது கற்றுக்கொடுங்கள்.

ஆகவே நான்கு கேமரா வரை 22 அல்லது 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் தாராளம். எட்டுக்கு மேல் போனால் 32 அங்குல 4கே திரை (ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு பிக்சல்) பயன்தரும், டிவிஆரும் 4கே வெளியீடு தந்தால் மட்டும். 'எச்டி ரெடி' என்ற பழைய டிவிக்கள் பலவற்றில் 1366க்கு 768 பிக்சல்தான், அதாவது ஃபுல் எச்டியில் ஏறக்குறையப் பாதி. இரண்டு கேமராவுக்கு அது போதும். விளையாட்டுக்கென்று விற்கும், நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டுக் கேமராக்கள் நொடிக்கு 15 முதல் 30 படங்கள்தான் அனுப்புகின்றன. பார்வைக் கோணத்துக்குச் செலவழியுங்கள். சுவரில் உயரமாக மாட்டும் திரை, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் படம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். மலிவான டிஎன் வகைத் திரையைக் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டுவிடும், இரவுக் காட்சியில் ஒன்றுமே புரியாது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி டிவியை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். மாறாமல் நிற்கும் கட்டக் கோடுகளும் கேமராப் பெயர்களும் நாளடைவில் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

டிவியை மாட்டுபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பல டிவிக்கள் படத்தைச் சற்றே பெரிதாக்கி, நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டுக் காட்டும். படத்தின் மூலையில் தேதி, நேரம் வரும் இடத்தைப் பாருங்கள். ஆண்டின் முதல் எழுத்து பாதி மறைந்திருந்தால் உங்கள் டிவியும் வெட்டுகிறது. எழுத்தோடு ஓரத்தில் இருக்கும் மதில் சுவரும் கேட்டின் மூலையும் சேர்ந்து போகின்றன. டிவியின் பட அமைப்பில் 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது பிசி என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டால் முழுப் படமும் வந்துவிடும்.

இணைப்பு எளிது. கேமரா வயரை மானிட்டரில் நேரடியாகச் செருக முடியாது. டிவிஆர் வழியாகத்தான் வர வேண்டும். எச்டிஎம்ஐ படத்தோடு ஒலியையும் கொண்டுவரும். விஜிஏ படத்தை மட்டும் தரும். மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருந்தால், டிவிஆரிலும் விஜிஏ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே சர்க்யூட் உள்ள கன்வெர்ட்டர் தேவை. இரு முனையை மட்டும் மாற்றும் வெறும் கேபிள் வேலை செய்யாது. தூரம் பத்து மீட்டரைத் தாண்டினால் மலிவான எச்டிஎம்ஐ கேபிளில் படம் விட்டுவிட்டு வரும், 4கே என்றால் அதற்கும் முன்பே. அங்கே கேட்6 என்ற நெட்வொர்க் கேபிள் வழியாகப் படத்தைத் தூரத்துக்குக் கடத்தும் எக்ஸ்டெண்டர் போடுவது நல்லது. செருகும்போது இரு பக்கமும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடுகளில், ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் எச்டிஎம்ஐ போர்ட் போய்விடலாம்.

"அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்து திரை கறுப்பாக நின்றால் டிவிஆர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனை (பிக்சல் அளவை) டிவிஆர் அனுப்புகிறது, அவ்வளவுதான். பெரிய டிவி ஒன்றில் தற்காலிகமாக மாட்டி, 1920க்கு 1080 என்றோ, உங்கள் மானிட்டர் காட்டும் அளவுக்கோ குறைத்துவிட்டுத் திரும்பப் பழைய திரையில் செருகுங்கள்.

திரையை வீட்டுக்கு வருபவர்கள் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். எந்த மூலை கேமராவில் விழவில்லை என்பதை அந்தத் திரையே அவர்களுக்குச் சொல்லிவிடும். டிவிஆரும் அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. திருட வருபவர் முதலில் தூக்குவது அதைத்தான். காற்றோட்டம் உள்ள, பூட்டக்கூடிய அலமாரியில் வைத்து, அங்கிருந்து கேபிளை மட்டும் திரைக்குக் கொண்டுவாருங்கள். நேரலைக் காட்சி வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியட்டும். பழைய பதிவைப் பார்க்கவும் ஹார்ட் டிஸ்க்கை அழிக்கவும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமையுங்கள். அந்தப் பாஸ்வேர்டு பெட்டியோடு வந்ததாக இருக்கக் கூடாது, மானிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டியதாகவும் இருக்கக் கூடாது.