டிவிக்குக் கீழே என்ன எரிகிறது?

குளிர்நாட்டு வீடுகளில் ஹாலின் நடுச்சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். கீழே விறகோ எரிவாயுவோ எரியும், மேலே புகைபோக்கியை மூடிய அகலமான வெற்றுச் சுவர். டிவி தட்டையாக மாறிய பிறகு பலர் அதை அந்தச் சுவரில்தான் மாட்டினார்கள். அது சரியா தவறா என்று அங்கே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. வடசென்னையில் கணப்பு அடுப்பு யாருக்கும் தேவையில்லை. ஆனால் அந்த வாக்குவாதத்துக்குள் இருக்கும் இயற்பியல் நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்துகிறது. வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரே அறையில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் போக டிவிக்கு மிஞ்சுகிற சுவர் எது? பெரும்பாலும் சாமி அலமாரிக்கு மேலே. இல்லையென்றால் சமையல் அடுப்பிருக்கும் சுவரின் மறுபக்கம். அதுவும் இல்லையென்றால் மேற்கு வெயில் அடிக்கிற சுவர். மூன்றுமே சூடு இருக்கிற இடங்கள்.

முதலில் சாமி விளக்கு. காற்று சூடானால் விரிகிறது, விரிந்தால் எடை குறைகிறது. 30 டிகிரி காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அந்த வித்தியாசமே அதை மேலே தூக்கப் போதும். சுடருக்கு மேலே எழும் சூடான காற்று, போகிற வழியில் அக்கம்பக்கத்துக் குளிர்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்வதால் உயரம் கூடக்கூட வேகமாக ஆறிவிடும். ஒரு விளக்கின் சுடர் தருவது சில பத்து வாட்தான். நாலடி உயரத்தில் அதன் சூட்டைக் கையால் உணர்வதே கடினம். ஒன்றரை அடியில் டிவியின் அடிவிளிம்பு இருந்தால் கதை வேறு. அதைவிடப் பெரிய தொல்லை கரி. எண்ணெயும் கற்பூரமும் முழுதாக எரிவதில்லை. எரியாமல் தங்கும் நுண்ணிய கரித்துகள் அதே காற்றோடு ஏறி, டிவியின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே போய், எண்ணெய்ப் பிசுக்கோடு மின்சுற்றுப் பலகைகளில் படிகிறது. அதன் மேல் தூசி ஒட்டினால் அது சூட்டை வெளியே விடாத ஒரு போர்வை.

இதற்குக் கணப்பு அடுப்புக்காரர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நெருப்புக்கும் டிவிக்கும் நடுவே சுவரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பலகை. ஏறி வரும் காற்று பலகையில் முட்டி, அதன் விளிம்பு வழியாக முன்பக்கம் வழிந்து, டிவியை விட்டு விலகிப் போகும். சாமி அலமாரிக்கு மேல்தட்டு இருந்தால் அதே வேலை நடக்கும். ஆனால் அந்தத் தட்டு டிவியைவிட முன்னால் நீண்டிருக்க வேண்டும்.

அடுப்புச் சுவரைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். பெரிய பர்னர் 2,000 வாட் அளவுக்குச் சூடு தந்தாலும் அதில் பெரும்பகுதி பாத்திரத்துக்கும் மேலே எழும் காற்றுக்கும் போகிறது. வீட்டுச் சமையல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டிலேயே இட்லி போட்டு விற்கிறவர்கள், மணிக்கணக்கில் அடுப்பு எரிகிறவர்கள், அந்தச் சுவரைத் தவிர்ப்பது நல்லது.

உண்மையில் பயப்பட வேண்டியது மேற்குச் சுவருக்குத்தான். கோடை மாலையில் வெயில் படும் சுவரின் வெளிப்பக்கம் 50 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு உடனே உள்ளே வருவதில்லை. செங்கல் சூட்டை வாங்கிச் சேர்த்துவைத்து மெதுவாகத்தான் கடத்தும். ஒன்பது இஞ்ச் சுவரைக் கடக்க ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். நாலரை இஞ்ச் சுவராக இருந்தால் மூன்று நான்கு மணி நேரம். நம் தெருக்களில் பின்னால் இழுத்துக் கட்டிய அறைகளும் மாடியில் எழுப்பிய அறைகளும் பெரும்பாலும் நாலரை இஞ்ச். மாலை நாலு மணி வெயில் இரவு ஏழு எட்டு மணிக்கு உள்பக்கம் வந்து நிற்கும். வீட்டில் எல்லோரும் சீரியல் பார்க்கிற நேரமும் அதுதான். டிவியும் அப்போது தன் பங்குக்கு அறுபது, எழுபது வாட் சூட்டை முதுகுப் பக்கம் விட்டுக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான டிவிகளின் கையேட்டில், சுற்றியிருக்கும் காற்று 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றிருக்கும். 2003 மே மாதத்தில் சென்னையின் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. சுவரோடு ஒட்டிய அந்த இரண்டு விரல் இடைவெளியில் காற்று ஓடவில்லையென்றால் சாதாரண மே மாதத்திலேயே 40 தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? திரை உடனே கெடாது. எல்சிடி திரைக்குள் இருப்பது திரவப் படிகம். 1888-ல் ஃபிரெட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளிலிருந்து செய்த சேர்மத்தைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகியதைப் போலத் தெரிந்தது. நடுவில் இருந்த அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். இன்றைய திரைகளில் இருக்கும் கலவை அறை வெப்பத்திலேயே அந்த நிலையில் இருக்கும்படி செய்யப்பட்டது. அளவுக்கு மீறிச் சூடானால் அதன் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்து அந்த இடம் கறுத்துப்போகும், ஆறினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதற்குப் பொதுவாக 70 டிகிரிக்கு மேல் வேண்டும்.

திரைக்கு முன்பே சாகிறது, மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் கெப்பாசிட்டர். டிவி மெக்கானிக்குகள் 'கெப்பாசிட்டர் உப்பிடுச்சு' என்று சொல்வது இதைத்தான். மின்சப்ளை பலகையில் சின்ன டப்பா போல நிற்கும் அதற்குள் ஈரமான மின்பகு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல ஆவியாகிக் கசிகிறது, உள்ளே வாயு சேர்ந்து தலை உப்புகிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று மதிப்பிடப்பட்ட கெப்பாசிட்டருக்குப் பொறியாளர்கள் போடும் கணக்கு, 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது. அப்படியானால் 65 டிகிரியில் 32,000 மணி நேரம், 75 டிகிரியில் 16,000. தினமும் ஐந்து மணி நேரம் ஓடுகிற டிவிக்கு இது பதினேழு வருடத்துக்கும் எட்டரை வருடத்துக்கும் உள்ள வித்தியாசம். வெறும் 10 டிகிரியால்!

ஆகவே மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி, விளக்கு ஏற்றி, ஒரு கோடை மாலை முழுக்க விட்டுப் பாருங்கள். நாற்பதை நெருங்கினால் வேறு சுவர் தேடுங்கள். வேறு சுவரே இல்லையா, வெளிப்பக்கம் வெள்ளை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்கும் பிராக்கெட்டும் உதவும், பின்னால் காற்று கீழிருந்து மேலே தடையில்லாமல் ஓடும்.

அப்புறம் சுவரின் பலம். 55 இஞ்ச் டிவி 15 கிலோ என்று வைப்போம். அதன் எடை சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 சென்டிமீட்டர். மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 15 × 5 ÷ 20, நாலு கிலோவுக்கும் குறைவு. அதே டிவியை இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டில் 50 சென்டிமீட்டர் வெளியே கொண்டுவந்தால் அது 37.5 கிலோ. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அந்த இழுப்பைத் தாங்குவது உராய்வு. 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கிய, சுவர்த் துளைக்குள் செருகும் நைலான் பிளக், திருகு உள்ளே போகப்போக விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு பிடி. துளையில் தூள் தங்கினால் பிடி போய்விடும், ஊதி எடுத்தே ஆக வேண்டும். துளை போடும்போது கொட்டுகிற தூளின் நிறத்தையும் பாருங்கள். செங்கல் சுவரில் முதலில் வரும் சாம்பல் தூள் சிமெண்ட் பூச்சு, பிறகு சிவப்பு வந்தால் செங்கல். சிவப்பே வராமல் துளை பொசபொசவென்று இறங்கினால் நீங்கள் இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கிறீர்கள். ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அந்த இணைப்பு சுண்ணாம்புக் காரை. கை விரலால் சுரண்டினாலே உதிர்கிற காரையில் எந்தப் பிளக்கும் நிற்காது. துளையை இரண்டு இஞ்ச் தள்ளிப் போடச் சொல்லுங்கள், பழைய கல்லுக்கு டிரில்லிங் மிஷினின் சுத்தியல் அடியும் வேண்டாம்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. காற்றில் வரும் கடலுப்பில் சாதாரண உப்போடு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே போல்ட்டின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், பூச்சைப் பிளக்கும். பெட்டியோடு வரும் துத்தநாகப் பூச்சுப் போல்ட்டை விட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

உயரம் கடைசியாக. தரையில் பாய் போட்டு உட்காருகிறவரின் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. டிவியின் நடுப்பகுதி ஆறடியில், எட்டடி தள்ளி இருந்தால் 24 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கழுத்து வலிப்பதோடு, பல எல்சிடி திரைகளில் அந்தக் கோணத்தில் கறுப்பு வெளிறிப்போகும். இடமில்லாமல் உயரத்தில்தான் மாட்ட வேண்டுமென்றால் 10, 15 டிகிரி கீழே சாயும் பிராக்கெட்டைக் கேளுங்கள். சாய்த்தபின் டிவியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே திறக்கும் இடைவெளி வழியாகச் சூடான காற்றும் வெளியேறிவிடும்.