பக்கப்பட்டையா, ஓரப்பலகமா?

போன வாரம் அத்தைக்குத் தொலைபேசியில் கணினி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ் இடைமுகம்தான் வைத்திருக்கிறார். "பக்கப்பட்டையில பதிவிறக்கங்கள்னு இருக்கும், பாருங்க அத்தை" என்றேன். "ஒரு பக்கம்தானேப்பா திறந்திருக்கு, எந்தப் பக்கத்துப் பட்டை?" என்று கேட்டுவிட்டு, வலப்புறம் இருந்த உருள்பட்டையைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும்.

பக்கப்பட்டை என்பது ஆங்கில 'சைடுபார்' (sidebar) என்பதற்குத் தமிழில் போடும் பெயர். சைடுபார் என்பது கணினிக்கு முன்பே செய்தித்தாள்காரர்களிடம் புழங்கிய சொல்: முதன்மைச் செய்தியை ஒட்டிக் கட்டம் கட்டிப் போடும் துணைச் செய்தி. 2003-இல் வந்த ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பேந்தர் இயங்குதளத்தில், கோப்புகளைத் தேடித் திறக்கும் ஃபைண்டரின் இடப்புறம் அந்தப் பெயரோடு அமர்ந்தது. விண்டோஸ் அதை நேவிகேஷன் பேன் என்கிறது. அடிக்கடி போகிற கோப்புறைகளுக்கும் வட்டுகளுக்கும் அங்கே குறுக்குவழி கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'பக்கம்' என்றால் புறமும் உண்டு, புத்தகத் தாளின் பக்கமும் உண்டு. தெருவில் இது குழப்பாது. ஆனால் இணையப் பக்கம், முகப்புப் பக்கம், பக்க எண் என்று திரை முழுக்க இரண்டாம் பொருளே நிறைந்திருக்கும்போது, பக்கப்பட்டையை மட்டும் முதல் பொருளில் படி என்றால் எப்படி?

'பட்டை' இன்னும் மோசம். கருவிப்பட்டை, பணிப்பட்டை, உருள்பட்டை எல்லாம் மெலிந்து நீண்டவை, நெற்றியில் இழுத்த திருநீற்றுப் பட்டை போல. இதுவோ பெயர்களை வரிசையாக அடுக்கிய, விளிம்பைப் பிடித்து இழுத்தால் அகலமாகிற ஒரு பகுதி. சிலர் 'பக்கப்பட்டி' என்கிறார்கள். மெனுவுக்கே பட்டி என்று பலர் எழுதுகிறார்களே! ஆடுமாடு அடைக்கிற பட்டியும் கோவில்பட்டியும் நினைவுக்கு வருவது தனிக்கதை. நேவிகேஷன் பேனுக்குப் போடும் 'வழிசெலுத்தல் பலகம்' என்பதில் பலகம் பொருத்தம்; ஆனால் வழிசெலுத்தல் கப்பலுக்கு உரிய சொல். கோப்புறையைத் திறக்க அத்தனை ஆரவாரம் வேண்டாம்.

என் தேர்வு ஓரப்பலகம். சாலையோரம், புடவை ஓரம், ஜன்னலோரம் என்று வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல். ஓரம் என்றால் மெல்லிய விளிம்புதானே என்பார்கள். பேருந்தில் ஜன்னலோர இருக்கை மற்ற இருக்கைகளைவிடக் குறுகலா என்ன? ஓரவஞ்சனை நினைவு வரும் என்றும் ஒரு நண்பர் சொன்னார். ஜன்னலோரம் கேட்கும்போது யாருக்கும் அது வருவதில்லை. அத்தையிடம் "இடது ஓரத்தில பாருங்க" என்றேன், உடனே கண்டுபிடித்தார்.

மொழிபெயர்ப்பவர்கள் திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்க்கிறார்கள். இதற்கு மேலும் ஒரு சான்று: ஓரப்பலகத்திலிருந்து ஒரு பெயரை எடுப்பதற்கும் கோப்பை அடியோடு அழிப்பதற்கும் 'நீக்கு' என்றே போடுகிறார்கள். முன்னதில் குறுக்குவழி மட்டும்தான் போகும், கோப்புறை இருந்த இடத்திலேயே இருக்கும். 'இங்கிருந்து எடு' என்று எழுதினால் பயமே இருக்காது. பேரனின் படங்கள் போய்விடும் என்று அத்தை இன்னும் அந்த 'நீக்கு'வைத் தொட மறுக்கிறார்.