சுவரில் இருக்கும் அந்த ஓட்டையை அடைக்காதீர்கள்

லண்டனில் குளிர் தொடங்கியதும் காற்று நுழையும் இடத்தையெல்லாம் தேடித் தேடி அடைப்போம். கதவடியில் பழைய துணி, ஜன்னல் இடுக்கில் டேப். அந்த வேகத்தில் சமையலறைச் சுவரின் அடியில் துளைத்துளையாக இருக்கும் செங்கல்லையும் மூடிவிடுகிறவர்கள் உண்டு. பழைய வீடென்றால், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் எரிவாயு பாய்லருக்கு மூச்சே அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. குழாயில் வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுதாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். 24 கிலோவாட் பாய்லர் முழுவீச்சில் ஓடினால் மணிக்கு இரண்டே கால் கன மீட்டர் வாயுவைக் குடிக்கும். அதற்கு 22 கன மீட்டர் காற்றாவது தேவை. மூன்று மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வழக்கமான உயரமும் உள்ள சமையலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 18 கன மீட்டர்தான்!

காற்று போதாவிட்டால் வாயுவில் உள்ள கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷ வாயுவாக நின்றுவிடும். இதற்கு வாசனையே கிடையாது; வாயுக் கசிவு மூக்குக்குத் தெரியட்டும் என்று கலக்கும் நாற்றமும் பாய்லருக்குள்ளேயே எரிந்துபோய்விடும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரமாகும். தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் ஃப்ளூ மாதிரியே இருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்காது. வெளியே போனால் விட்டுவிடுகிற தலைவலி வீடு திரும்பியதும் மறுபடி பிடித்தால் பாய்லரைச் சந்தேகப்படுங்கள்.

பழைய பாய்லர்களில் பல, தாம் இருக்கும் அறையின் காற்றை எடுத்து எரித்துப் புகையைப் புகைபோக்கியில் விடுபவை. புகையைத் தள்ள விசிறி கிடையாது. சூடான புகை லேசானது, தானே மேலேறும், அவ்வளவுதான். அந்த இழுப்பு மிக மெல்லியது. நம் வீடுகளிலோ மீன் பொரித்தால், மிளகாய் தாளித்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். செங்கல்லும் ஜன்னலும் அடைபட்டிருந்தால் மிச்சமிருக்கும் வழி புகைபோக்கிதான். மேலே போக வேண்டிய புகை அப்போது கீழே இறங்கும். பரிசோதிக்க வருபவர் கதவு ஜன்னலை மூடி, ஃபேனையும் ஓடவிட்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது இதற்காகத்தான். 1998 எரிவாயு விதிகள் இந்த வகை பாய்லரைக் குளியலறையில் பொருத்தவே விடுவதில்லை. ஊரில் மூடிய குளியலறையில் கேஸ் கீசர் ஆளை மயங்கி விழவைப்பதும் இதே காற்றுப் பற்றாக்குறையால்தான்.

இப்போது பொருத்துபவை பெரும்பாலும் அறைக் காற்றைத் தொடாதவை. குழாய்க்குள் குழாய்: வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும், உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், நடுவில் ஒரு விசிறி. அதனால் பாய்லரை அலமாரிக்குள்கூட வைக்கலாம். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். ஆனால் சிக்கல் சுவருக்கு வெளியே போய்விட்டது. புகை வாய்க்கும் திறக்கும் ஜன்னலுக்கும் பொதுவாக 30 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பின்பக்கம் ஒரு அறை கூட்டிக் கட்டும்போதுதான் இது மறந்துபோகிறது. நேற்றுவரை தோட்டத்தைப் பார்த்திருந்த குழாய், கூரை போட்டதும் புது அறைக்குள் புகை விடும். மேஸ்திரியிடம் பேசும் முன்பே, கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்ய உரிமை உள்ளவர்களின் பதிவேடு) பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

குளிரில் அந்த வாயிலிருந்து வரும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நீராவி குளிர்ந்து உண்டாகும் பனிமூட்டம்.

அப்புறம் கார்பன் மோனாக்சைடு அலாரம். 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் பாய்லர் உள்ள அறையில் இதை மாட்டித் தருவது வாடகைக்கு விடுபவரின் பொறுப்பு. பாய்லரிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும். காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு மோனாக்சைடு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் கத்தும். 300 பங்கு என்றால் மூன்றே நிமிடத்துக்குள். ரத்தத்தில் விஷம் ஏறும் வேகத்தை ஒட்டி வைத்த கணக்கு இது. பட்டனை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பேட்டரியும் ஒலியும் சரி என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே வாயுவை உணரும் பகுதிக்குத் தனி ஆயுள் உண்டு. எப்போது மாற்ற வேண்டும் என்ற தேதி அலாரத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் பின்பக்கம்.