பிளான்லயே இடம் விடுங்க, ஹீட்டர் அப்புறம் வாங்கிக்கலாம்

ஊட்டி, குன்னூர் பக்கம் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுறதுதான் எனக்குப் பொழப்பு. போன மார்கழில கேத்தில ஒரு வீடு, கிரகப்பிரவேசம் முடிஞ்சு மூணு மாசம்தான், 200 லிட்டர் டியூப் ஹீட்டர் (வெயில் வாங்குற கண்ணாடிக் குழாய்ங்களோட டேங்க் ஒட்டியே வர்ற செட்டு) வாங்கி போர்ட்டிகோல வெச்சுட்டு "வந்து மாட்டிக் குடுங்கண்ணா"ன்னு கூப்பிட்டாங்க. மேல ஏறிப் பார்த்தா சரிவுக் கூரை, ஷீட்டு, கீழ ஒல்லி இரும்புக் குழாய், தெற்குப் பக்கம் பூரா சில்வர் ஓக் நிழல். தண்ணி மட்டுமே 200 கிலோ, எங்க உக்கார வைக்கிறது?

ஸ்டாண்டு அடிச்சு தூக்கலாம்னா, நீலகிரில 7 மீட்டர் உசரக் கட்டுப்பாடு இருக்கே, அந்த வீடு ஏற்கெனவே இஞ்ச் விடாம அதைத் தொட்டாச்சு. விதியைக் குத்தம் சொல்ல மாட்டேன், மண்சரிவு வர்ற ஊர் இது. ஆனா அந்த 7 மீட்டருக்குள்ள ரெண்டு மாடி, கூரை எல்லாத்தையும் அடைச்சுட்டு சுடுதண்ணியை மறந்துடறோம். இஸ்ரேல்ல 1980லயே புது வீட்டுக்கு சோலார் ஹீட்டர் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க, அதனால வரைபடம் போடும்போதே இடம் ஒதுக்கியாகணும். நம்ம இன்ஜினியர்ங்க கார் பார்க்கிங் கேப்பாங்க, இதைக் கேக்க மாட்டாங்க.

சாதா ஹீட்டர்ல பம்ப் கிடையாது, சூடான தண்ணி தானா மேல ஏறும், அதனால டேங்க், வெயில் வாங்குற பேனலுக்கு மேல இருக்கணும். சமவெளில அதுக்குத்தான் ஸ்டாண்டு, நமக்கு மலையே ஸ்டாண்டு! வீட்டுக்குக் கீழ இருக்கற மலைத் தட்டுல தெற்குப் பார்த்து பேனல், அதுக்கு மேல வீட்டுக்குள்ளயே டேங்க், நடுவுல பள்ளம் விழாம ஏறிக்கிட்டே போற குழாய், அதுக்கு நல்லா இன்சுலேஷன், அவ்ளோதான். கூரைக்கு பாரமும் இல்ல, உசரமும் ஏறாது. ஆனா குழாய் போற வழியும் டேங்குக்கு அடில ஸ்லாபும் வீடு கட்டும்போதே போட்டாகணும். இன்னொண்ணு, தலைக்குந்தா மாதிரி உறைபனி விழுற பள்ளத்துல காப்பர் பேனல்ல வெறும் தண்ணி ஓடினா ராத்திரி உறைஞ்சு குழாய் வெடிச்சிரும், உறையாத திரவம் சுத்துற மாடல்தான் கேட்டு வாங்கணும்.

கேத்தி வீட்டுல டேங்கோட சேர்ந்த செட்டு, தனியா பிரிச்சு வைக்க முடியாது, கடைக்காரர் திருப்பி எடுக்கல, அதனால மொத்தத்தையும் கீழ்த் தட்டுல வெச்சு சின்னதா ஒரு பம்ப் போட்டேன். 200 லிட்டரை 12 டிகிரிலேருந்து 45க்கு கொண்டுவர கீசருக்கு கிட்டத்தட்ட 8 யூனிட் ஆகும், அது மிச்சம். ஆனா காலைல பாத்ரூம்ல முதல் பக்கெட் இன்னும் குழாய்ல நின்னு ஆறுன பச்சத்தண்ணிதான் வருது, அந்தம்மா பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுறாங்க.